மயில்மீனுக்கு ஒரு டிராக்டர் இருக்கை

வியாழன் மாலை

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுடா. லேட்டா வந்தா நீ ஒண்டியாத்தான் சாப்டணும்" என்று சமுத்திரவிஜயன் போனில் சொல்லியிருந்தான். அவன் மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளை. இருட்டிய பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. தர்மபுரியில் காலை பத்து மணிக்குக் கிளம்பி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், பக்கச் சக்கரம் பொருத்திய என் ஸ்கூட்டரில் நிறுத்தி நிறுத்தி ஓட்டி வந்தேன். செஞ்சிக்குள் நுழைந்தபோது ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் மட்டும்தான் வெயில் மிச்சமிருந்தது. அவன் வீட்டில் இலை போட்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலில் பூட்டும் இரும்புக் காலிப்பரும் ஊன்றிக்கொள்ள ஒரு கட்டையும் இருந்தால் எங்கும் போய் வருவேன். விஜயன் திண்டிவனம் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். இப்போது செஞ்சியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி விற்கிறான்.

நான் வந்த காரியம் அவனுக்குப் பாதிதான் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் முழுவதையும் சொன்னேன்.

போன வருடம் அந்தமானுக்குச் சுற்றுலா போயிருந்தேன். தூரத்துப் படகு ஒன்றின் பின்னால் ஒரு மீன் கடலைக் கிழித்துக்கொண்டு எழும்பியதைப் பார்த்தேன். ஆள் உயரம் இருக்கும். ஈட்டிபோல மூக்கு. முதுகில் மயில்தோகையாக விரிந்த நீலத் துடுப்பு. மயில்மீன் என்றார்கள். தூண்டிலில் பிடித்து, பக்கத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, உயிரோடு திரும்ப விடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். நான் கிருஷ்ணகிரி அணையில் கட்லா பிடித்துப் பழகியவன். கட்டை ஊன்றி ஊன்றி உரம் ஏறிய தோள் எனக்கு. அங்கேயே இரண்டு படகுக்காரர்களிடம் கேட்டேன். இருவருமே என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். "ரிஸ்க் சார்" என்றார்கள்.

அதற்குப் பிறகு விசாரித்து விசாரித்துப் புதுச்சேரியில் கலியமூர்த்தி என்ற படகுக்காரரைப் பிடித்தேன். போனிலேயே காலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "நின்னுகினு இழுக்க முடியாது இல்ல? ஒக்காந்து இழுக்கணும்னா சீட்டு வேணும். என் போட்ல அது கெடையாது. நீங்க சீட்டுக்கு ஒரு வழி பண்ணிகினு வாங்க. பாத்துட்டு சொல்றன்."

மறுக்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு அது போதும். சனிக்கிழமைக்குப் படகைப் பேசிவிட்டேன். அரை நாளைக்குப் பன்னிரண்டாயிரம்.

விஜயன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மீனு சாவுமா?" என்று மட்டும் கேட்டான்.

"விடத்தான்டா போறேன்."

"நீ வுடுவ. அது பொழைக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அவன் எதிரிலேயே கலியமூர்த்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சீக்கிரம் இழுத்துட்டா பொழைக்கும் சார். ஒரு மணி, ரெண்டு மணின்னு இழுத்தடிச்சா மீனு களைச்சிப் போயி செத்துடும். கையில தெம்பு இருந்தா மீனுக்கு நல்லது" என்றார் அவர்.

விஜயன் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தான். "சீட்டுக்கு நான் ஒதவி பண்றன். கடலுக்கு வர மாட்டன். மீனு செத்துதுன்னா எங்கிட்ட சொல்லவே சொல்லாத."

வெள்ளி

காலையில் சரக்கேற்றும் அவனுடைய குட்டியானை வண்டியில் கடைவீதிக்குப் போனோம். செஞ்சியைச் சுற்றி எங்கும் விவசாயம்தான். ஒரு பழைய டிராக்டரின் இரும்பு இருக்கை அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பை இரண்டு பக்கமும் ஏந்திக்கொள்கிற மாதிரி குழிந்திருந்தது.

வெல்டர் ஏழுமலைக்கு விளங்க வைக்கத்தான் நேரம் பிடித்தது.

"சீட்டு இங்க இருக்குது. டிராக்டர் எங்க சார்?"

"டிராக்டர் இல்லைங்க. படகு."

"செஞ்சில ஏது படகு?"

"பாண்டிச்சேரில இருக்குது. அதுல இத மாட்டி மீன் பிடிக்கப் போறேன்."

அவர் என் காலையும் இருக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தமான்காரர்கள் பார்த்த பார்வை இது இல்லை. அளவெடுக்கிற பார்வை. "நல்ல கால் எது?" என்று கேட்டார். வலது காலை நீட்டினேன். பாதம் உதைத்துக்கொள்ள முன்னால் ஒரு குறுக்குத் தகடு, தூண்டில் கம்பின் அடி நிற்கத் தொடைகளுக்கு நடுவே ஒரு குழாய், அடியில் கனமான பலகை, இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு பழைய கார் பெல்ட்டு. மதியத்துக்குள் முடித்துக் கொடுத்தார்.

மாலையில் ஊருக்கு வெளியே ஏரியின் காய்ந்த ஓரத்தில் சோதனை. பலகையின் மேல் இரண்டு மல்லாட்டை மூட்டைகளைப் பாரமாக வைத்தோம். இதற்கென்றே வாங்கி வந்திருந்த கடல் தூண்டிலைக் குழாயில் ஊன்றி, நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தூண்டில் நரம்பின் நுனியை விஜயனின் மொபெட் கேரியரில் கட்டினோம். உயிரைக் கொல்லாத குடும்பத்தில் பிறந்தவன் அன்றைக்கு எனக்கு மீனானான்.

"போலாமா?"

"போ!"

அவன் முறுக்கினான். நரம்பு சுற்றியிருந்த ரீல் கிறீச்சிட்டு ஓடியது. ரீலின் பிரேக்கை இறுக்கினேன். அடுத்த நொடி நான், இருக்கை, பலகை எல்லாம் இடது பக்கமாகக் கவிழ்ந்தோம். மூட்டை ஒன்று பிரிந்து மல்லாட்டை சிதறியது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடி வந்தார்.

"இன்னா சார் பண்றீங்க? அவரு உங்கள இழுத்துகினு போறாரா, நீங்க அவர புடிக்கிறீங்களா?"

"அவரு மீனும்மா" என்றேன், தரையில் கிடந்தபடியே.

சிரித்து முடித்த பிறகு யோசித்தோம். வலது கால் மட்டும் உதைப்பதால் உடம்பு இடது பக்கம் திரும்புகிறது. பெல்ட்டு இடுப்பைப் பிடிக்கிறதே தவிர, திரும்புவதைத் தடுக்கவில்லை. திரும்பவும் ஏழுமலையிடம் ஓடினோம். கடை சாத்தும் நேரம். அவர் வெல்டிங் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, இடது இடுப்பை அணைத்துக்கொள்ளும்படி வளைந்த குழாய் ஒன்றை ஒட்டித் தந்தார். வெளிச்சம் போவதற்குள் இன்னொரு முறை ஏரிக்குப் போனோம். இந்தத் தடவை மொபெட் திணறியது. ஐந்து முறை அவன் ஓடினான், ஐந்து முறையும் இழுத்து நிறுத்தினேன். தோள் எரிந்தது. இன்னொரு முறை என்றேன். "பெட்ரோல் தீந்துடும்டா" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

அன்றைக்கு அவன் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டான். தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துக்கொண்டான்.

சனி

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு எழுபது கிலோமீட்டர் போல வரும். குட்டியானையின் பின்னால் இருக்கையைக் கட்டிக்கொண்டு விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விட்டோம். கலியமூர்த்திக்கு ஐம்பது வயதிருக்கும். இருக்கையை ஆட்டிப் பார்த்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார், பலகையைத் தன் ஃபைபர் படகின் நடுவில் நட்டு போட்டு முடுக்கினார். திருப்திதான் போலிருக்கிறது என்று நினைத்த நேரத்தில் கார் பெல்ட்டைக் கையில் எடுத்தார்.

"இது வேணாம் சார்."

"பெல்ட்டு இல்லன்னா முன்னாடி சாஞ்சிடுவேன்."

"போட்டு கவுந்துதுன்னா? கட்டிப் போட்டாப்புல கெடப்பீங்க. லைஃப் ஜாக்கெட்டு உங்களத் தூக்கும், சீட்டு உங்கள இழுக்கும். அவுத்தாத்தான் போட்ட எடுப்பேன். அந்த இரும்புக் காலையும் கழட்டிடுங்க. அது தண்ணில மெதக்காது."

அவர் சொன்னதில் தப்பில்லை. காலிப்பரைக் கழற்றினேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில், திறந்த வெளியில் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. வெறும் காலில் காற்றுப் பட்டது.

"பெல்ட்டுக்குப் பதிலா?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஒருத்தர் ஒக்காந்து இடுப்பப் புடிச்சிக்கணும். நான் இஞ்சினப் பாக்கணும், என்னால முடியாது. ஆளு இருக்குதா?"

நான் விஜயனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பது மாதிரி ஆகிவிடும். அவன் வரமாட்டேன் என்று சொன்னவன். துறைமுகத்தில் வேறு யாரையாவது கூலிக்குக் கேட்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஜாக்கெட்டு இன்னொண்ணு இருக்குதா?" என்று விஜயன் கலியமூர்த்தியிடம் கேட்டான்.

என்னைத் தூக்கி இறக்க வந்தார்கள். வேண்டாம் என்றேன். துறையின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, படகுக்குள் நானே இறங்கினேன். தொடங்குவது அப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போனோம். ஊர் ஒரு கோடாகி மறைந்தது. இரையாக முரல் மீனைத் தூண்டில் முள்ளில் கோத்துப் பின்னால் மிதக்கவிட்டு, படகை மெதுவாக ஓட்டினார் கலியமூர்த்தி. பெயரில் சமுத்திரத்தை வைத்திருந்த என் நண்பன் சமுத்திரத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. மூன்று தடவை வாந்தி எடுத்தான். "திரும்பிடலாமாடா?" என்று கேட்டேன். தலையாட்டி மறுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். வெயில் ஏறியது. ஒன்றும் கடிக்கவில்லை. "பத்து மணிக்கு மேல தெக்கத்திக் காத்து எழும்பிடும். அப்புறம் இருக்க முடியாது" என்றார் கலியமூர்த்தி.

காற்று எழும்பத் தொடங்கிய பிறகுதான் அது வந்தது. இரைக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல். தண்ணீருக்கு மேலே மூக்கு மட்டும் ஒரு முறை வீசியது. ரீல் அலறியது.

"இப்ப!" என்று கத்தினார் கலியமூர்த்தி.

பிரேக்கை இறுக்கினேன். ஏரியில் மொபெட் இழுத்தது ஒன்றுமே இல்லை. படகின் பின்னால் கடல் வெடித்து மீன் எழும்பியது. தோகை முழுக்க விரிந்து, நீலமும் வெள்ளியுமாக, வாலின்மேல் நின்று நடந்தது. நான் முன்னால் சரிந்தேன். அதே கணம் இரண்டு கைகள் என் இடுப்பைச் சுற்றி இறுகின. விஜயன் தன் நெற்றியை என் முதுகில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம்டா" என்றான். "சீக்கிரம் முடிடா."

வலது காலைத் தகட்டில் உதைத்தேன். இடது இடுப்பு ஏழுமலையின் குழாயில் அழுந்தி நின்றது. கம்பைத் தூக்கு, தாழ்த்து, சுற்று. முதலில் மீன் நூறு அடி பிடுங்கிக்கொண்டு ஓடும், நான் ஐம்பது அடி திரும்ப வாங்குவேன். போகப்போக அந்தக் கணக்கு தலைகீழானது. கொஞ்சம் விட்டுப்பிடித்து இளைப்பாறலாம் போலிருந்தது. ஆனால் நான் இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூலி கொடுப்பது மீன். நிறுத்தவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அரை மணிக்குள் படகோரம் வந்துவிட்டது.

பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. நீலம் போய்ப் பழுப்பேறியிருந்தது. கலியமூர்த்தி கையுறையோடு மூக்கைப் பிடித்து, முள்ளைக் கழற்றினார். விட்டுப் பார்த்தார். மீன் நீந்தவில்லை. வயிறு மேலே புரண்டது.

"செத்துடுச்சா?" விஜயன் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"இல்ல, மயக்கம். வாயில தண்ணி பூந்து ஓடணும். நான் போட்ட ஓட்டணும். யாராச்சும் மூக்கப் புடிச்சிக்குங்க."

என் விரல்கள் மூடவில்லை. விஜயன் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் அந்த மூக்கைப் பற்றினான். படகு மெல்ல நகர்ந்தது. மீனின் வாய் திறந்து கடல் உள்ளே போனது. அவன் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்ட சந்தோஷம் அந்த நேரத்தில் எனக்குத் துளியும் இல்லை. பிழைத்துவிடு என்பது மட்டும்தான் இருந்தது.

முதலில் துடுப்பு அசைந்தது. பிறகு முதுகில் நீலம் ஒரு கோடாக ஊறி, உடம்பு முழுக்கப் பரவியது. வால் ஒரு முறை அடித்தது.

"இழுக்குதுங்க" என்றான் விஜயன்.

"வுட்டுடுங்க."

விட்டான். அது ஒரு நொடி அங்கேயே நின்றது. அப்புறம் கீழே போய்விட்டது.

திரும்பும்போது விஜயன் தலைக்கடியில் கை வைத்துப் படுத்திருந்தான். கரை தெரிந்ததும் சொன்னான்: "நல்லது பண்ணமா, பாவம் பண்ணமான்னு எனக்குத் தெரியலடா. ஆனா அது உசுரோட போச்சி. நான் பாத்தன்." பிறகு, "இனிமே வர மாட்டன்" என்றான்.

துறையில் இருக்கையின் நட்டுகளைக் கழற்ற ஸ்பேனர் கேட்டேன். கலியமூர்த்தி கொடுக்கவில்லை.

"அத இங்கியே வுட்டுட்டுப் போங்க சார். போன மாசம் ஒருத்தர் கேட்டாரு, லாரில அடிபட்டு ஒரு கால் எடுத்தவரு. முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டன். நம்பரு இருக்குது."

ஞாயிறு, திங்கள்

தோளை அசைக்க முடியாமல் ஒரு நாள் முழுக்க விஜயன் வீட்டில் படுத்துக் கிடந்தேன். திங்கள் காலை கிளம்பினேன். நான் செஞ்சிக்குப் பலமுறை வந்திருக்கிறேன். கோட்டைமேல் ஏறினாயா என்று ஊரில் யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்கத் தயங்குவார்கள். இனி யாராவது கேட்டால், அங்கே ஏறவில்லை, அங்கிருந்து கடலுக்குப் போனேன் என்று சொல்வேன். எங்கள் தர்மபுரியில் யாரும் நம்பப் போவதில்லை. உரிந்த உள்ளங்கையைத்தான் காட்ட வேண்டும்.

செங்கம் தாண்டி டீக்கு நிறுத்தியபோது போன் வந்தது. கலியமூர்த்தி.

"சார், அந்த லாரில அடிபட்டவரு வர்றன்னு சொல்லிட்டாரு. பின்னாடி புடிச்சிக்க ஆளு இருக்குதான்னு கேட்டன்."

"என்ன சொன்னாரு?"

"அவரு பொண்ணு வருதாம் சார். காலேஜ்ல கபடி ஆடுதாம்."