என் ஆள் அவரைக் கூப்பிட்டான்

அவருடைய ஆட்கள் சாப்பிடும்போது சிரிப்பார்கள். முதலில் என்னை உறுத்தியது அதுதான்.

ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனியில் நான் ஒரு குழுவுக்குத் தலைவன். அவர் இன்னொரு குழுவுக்கு. ஆளுக்கு மூன்று பேர் கீழே. ஒரே சம்பளம், ஏறக்குறைய ஒரே வயது. நான் டவுணிலிருந்து கம்பெனி வேனில் போவேன். அவர் உள்ளூர்க்காரர், பைக்கில் வந்துவிடுவார்.

மதியம் எல்லோரும் ஒரே தகரக் கொட்டகையில்தான் சாப்பிடுவோம். என் ஆட்கள் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் கை கழுவ எழுந்தால் முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்கும். திரும்பி வந்தால் நின்றுவிடும். அந்தப் பக்கமோ, அவருடைய தொப்பையையே கேலி செய்துகொண்டிருப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். 'தலைவனுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?' என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன். உண்மையில் எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

ஒவ்வொரு குழுவும் தன் தவறுகளை எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. அவர் குழுவின் பக்கங்களில் எழுத இடமே இருக்காது. போல்ட் சரியாக முறுக்கவில்லை, மறுபடி ஏறி முறுக்கினோம். மூடி மாற்றிப் போட்டுவிட்டோம், சரிசெய்தோம். இப்படி வரிசையாக. என் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒருமுறை மேனேஜரிடம் அதை விரித்தே காட்டினேன்.

"பாத்தேன். ஆனா அவர் மெஷின் அடிக்கடி நிக்கறதில்லையே" என்றார் மேனேஜர். வெளியூர்க்காரர், சாதாரணமாகத்தான் சொன்னார். தப்பை எழுதுகிறவனுக்கு நல்ல பெயர், தப்பே செய்யாத எனக்கு ஒன்றும் இல்லையா?

என் குழுவில் ஒரு பத்தமடைக்காரர் இருந்தார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல வேலைக்காரன். ஒருநாள் அளவு தப்பான போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு உச்சிவரை ஏறிவிட்டார். இறங்கி வந்ததும், இரண்டு குழுவும் நிற்கும்போதே, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு ஒனக்கு?" என்று கத்தி, என் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்தேன். அவர் சரியான போல்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். கண்டிப்பு என்றால் இதுதான் என்று அன்று நினைத்தேன்.

அடுத்த ஆனியில், காற்று உச்சத்தில் அடிக்கிற நேரம். காலையில் வேனிலிருந்து பார்க்கிறேன், சுற்றிலும் எல்லாம் சுழல்கின்றன, என் பொறுப்பில் உள்ள ஒன்று மட்டும் நிற்கிறது. அடியில் அவருடைய பைக். வேனை விட்டு இறங்கி ஓடினேன். கோபுரத்தின் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். பின்னாலேயே கையில் ஒரு ஸ்பேனரோடு என் பத்தமடைக்காரர்.

"என்னவே, என் மெஷின்ல ஒமக்கு என்ன சோலி?"

"கோவப்படாதேயும். ஸ்பேனர் ஒண்ணு பிரேக் பக்கத்துல கெடந்துச்சு. எடுத்தாச்சு" என்றார் அவர்.

முந்தின நாள் வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகுதான் பத்தமடைக்காரருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. உடனே போன் செய்திருக்கிறார். அவருக்கு. எனக்கு இல்லை. அவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி மெஷினை நிறுத்திவிட்டு, விடிந்ததும் இவரைக் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

"எனக்கு ஏம்லே சொல்லல?"

பத்தமடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு தடவ உங்க நம்பர எடுத்தேன் அண்ணாச்சி. அழுத்த முடியல."

பிரேக்கில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுப் பிள்ளை பசிக்கிறது என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதுபோல இருந்தது.

மதியம் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "என்ன மந்திரம்வே போட்டீரு?"

"மந்திரமும் இல்ல, தந்திரமும் இல்ல. வேலைக்கு வந்த புதுசுல, சேஃப்டி பெல்ட்டு கொக்கிய மாட்டாம பாதி ஏணி ஏறிட்டேன். புதுசா வாற எல்லார்ட்டயும் அதத்தான் மொதல்ல சொல்லுவேன். வேற ஒண்ணும் தெரியாதுவே."

இவ்வளவுதானா, இது என்னாலும் முடியுமே என்று நினைத்தேன். மறுநாளே சாப்பாட்டு நேரத்தில், ஒருமுறை ஆயில் குழாயைச் சரியாக மூடாமல் இறங்கிவந்த கதையை என் ஆட்களிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பைய கேட்டார், "அப்போ உங்கள யாரு ஏசுனா அண்ணாச்சி?"

யாரும் ஏசவில்லை. நான்தான் யாரிடமும் சொல்லவே இல்லையே. என் நோட்டு எப்படி வெள்ளையாக இருந்தது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பத்தமடைக்காரர் அவருடைய குழுவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். சில மாதம் கழித்து மேனேஜர் மாறிப்போக, அந்த இடத்துக்கு அந்தக் குழுத் தலைவரான அவரையே போட்டார்கள். எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்து கொடுத்தார். சர்க்கரை இருக்கிறது என்று பொய் சொல்லி மறுத்தேன். எனக்கு இருந்தது இரத்தக் கொதிப்புதான்.

இனி அவரிடம் கைகட்டி நிற்க வேண்டுமே என்று புழுங்கினேன். முதல் மாதமே ஒரு பழுதைத் தவறாகக் கணித்து, ஒரு மெஷினை இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன்.

"சரி, இப்போ என்ன செய்யலாம்னு நெனைக்கீரு?" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒரு மேலதிகாரி என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. சொன்னேன். உட்கார்ந்து கேட்டார். அன்று என் கையாலேயே நோட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு வேலை எனக்கு எளிதாகிவிட்டது. ஒத்துக்கொள்ளக் கசக்கிறது, ஆனாலும் நிஜம். பாளையங்கோட்டை டாக்டர் கொதிப்பு மாத்திரையின் அளவைக் குறைத்தார். என் ஆட்கள் இப்போது அவர்களாகவே வந்து ஒன்றிரண்டு சொல்கிறார்கள். சிரிப்பதற்கு இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

ஒருநாள் என் மனைவி சொன்னாள், "இப்பல்லாம் நீங்க வீட்டுல கத்துததே இல்ல. அந்த மனுசனுக்கு ஒரு நாள் நல்லா சாப்பாடு போடணும்."

என் பொறுமைக்கும் பாராட்டு அவருக்குத்தான் போகிறது. ஆனாலும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதும், இலையில் இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது. நானும் நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கு ஒரு கரண்டிதான்.