வானத்து இரும்பை யார் இறக்குவது

கடத்தூர் கடைவீதியில் என் அத்தாவுக்கு இரும்புக்கடை இருந்தது. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்குப் பின்னால்தான் வீடு. எண்பதுகளின் நடுவில், பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த நான், இரண்டுக்கும் நடுவிலிருந்த கதவருகே நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். படித்தேன் என்பதைவிட முறைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்கவேண்டும் என்றால் வீட்டில் யாருக்கும் காது கேட்கவில்லை.

ஒருநாள் புத்தகத்தில் இருந்ததை அத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. சில முழுக்க இரும்பும் நிக்கலும்தான். நிலாவுக்குப் போய்வந்த மனிதன் அடுத்து அங்கே சுரங்கம் தோண்டப் போகிறான்.

மண்வெட்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அத்தா நிமிரவில்லை. "எறக்கிப் போட ஆளு?" என்றார். லாரி வந்து நின்றால் சரக்கு இறக்க ஆள் கிடைக்காதது அவருடைய தீராத கவலை.

"அதெல்லாம் அப்புறங்க அத்தா."

கொஞ்ச நேரம் கழித்து, "அங்க துரு புடிக்குமா?" என்றார்.

"காத்தும் தண்ணியும் இல்லாத எடத்துல எப்பிடிங்க புடிக்கும்?"

அவர் கை நின்றுவிட்டது. "துருவே புடிக்காத இரும்பு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயுள் முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டியவர். எட்டாத ஒன்றுக்கு ஏங்கும் முகம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆடியில் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, எனக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளையோடு வந்தார். நான் சிறுகோள், சுரங்கம் என்று ஏதோ பேசிவிட்டேன். "சிறுகோளாவது பெருங்கோளாவது. கோள் மூட்டறதுக்கு நம்மூர்லயே ஆளு இருக்குது. பொட்டப்புள்ளைக்கு வானத்துல என்ன வேல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மாப்பிள்ளையும் சிரித்தார். அவரைப் பிடிக்காமல் போக எனக்கு அது போதும்.

அடுத்த வாரமே எனக்கு ஒரு கல் கிடைத்தது. கம்பைநல்லூர்ப் பக்கம் கல்லூரித் தோழி ஒருத்தியின் நிலக்கடலைக் காட்டில், உழவில் மேலே வந்தது. கறுப்பாக, உள்ளங்கையை நிறைக்கும் அளவில், நல்ல கனம். விண்கல், அதாவது சிறுகோளிலிருந்து உடைந்து விழுந்த துண்டு என்று முடிவுகட்டி, மூச்சு வாங்க அத்தாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.

அத்தா எந்த இரும்பையும் சுத்தியலால் ஒருமுறை தட்டிக் கேட்பார். "நல்ல இரும்பு பேசணும்," என்பார். இந்தக் கல்லையும் தட்டினார். ஒருமுறைதான். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அன்று மாலை பெரியத்தாவிடம் சொன்னார்: "சேலத்துல படிச்சவங்க யார்கிட்டயாச்சும் காட்டிட்டு வரேன். வானத்துக் கல்லுன்னு சொல்லிட்டா, இவ படிப்புல ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். மெட்ராசுக்கு அனுப்பிடலாங்க." பெரியத்தா, இல்லாத ஊருக்குப் போகாத வழிதானே என்று நினைத்து ஒத்துக்கொண்டார்.

அத்தா சேலம் புறப்படுவதற்கு முதல்நாள் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். விண்கல்லில் அநேகமாகக் குமிழித் துளைகள் இருக்காது என்று போட்டிருந்தது. என் கல்லில் ஒரு பக்கம் முழுக்க அவைதான். பழங்காலத்தில் இரும்பு உருக்கியவர்கள் கொட்டிவிட்டுப் போன கசடு அது. எங்கள் பக்கத்துக் காடுகளில் சாதாரணமாகக் கிடைப்பது.

சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் சென்னை போய்விடும் என்ற பயம். மறுநாள் காலை அத்தா அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். முகம் கழுவினார். பெரியத்தாவுக்குக் கேட்கும்படி, "வானத்துக் கல்லுதானாம்மா. சொல்லிட்டாங்க," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியர் யாரோ கசடு என்று சொல்லி அனுப்பியிருக்க, எனக்காக இவர் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். எடை போடும்போதுகூட ஒரு பொய் சொல்லாத மனிதர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆவணிக்குள் சென்னை போய்ச் சேர்ந்தேன்.

படித்தேன், வேலைக்குப் போனேன், முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் 'இந்தத் தடவை அத்தாவிடம் சொல்லிவிட வேண்டும்' என்று பஸ் ஏறுவேன். அவர் கடையில் யார் வந்தாலும் கல்லைக் காட்டி, "எம்பொண்ணு கண்டுபுடிச்சது," என்பார். எனக்கு வாய் வராது.

அவர் மௌத்தானபோது துக்கம் கேட்க வந்த பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அத்தாவ ஒருநா சேலம் போற வழியில, தொப்பூர் டீக்கடையில பாத்தனுங்க. மடியில துண்டு மூட்டை. நான் சேலம் போயிட்டுத் திரும்பறேன், அதே பெஞ்சில உக்காந்திருக்காரு. சேலம் போவலிங்களான்னேன். போயி என்ன ஆவப்போவுது, கல்லு பேசலையே, நேரம் போனாப் போதும்னாருங்க."

சேலத்துக்கே அவர் போகவில்லை. அந்த ஒரு தட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கொஞ்ச காலம் முன்பு, நிஜமாகவே ஒரு சிறுகோளுக்குப் போன விண்கலம் ஒரு கைப்பிடி மண்ணைப் பூமிக்குக் கொண்டுவந்த செய்தியைப் பார்த்தேன். எழுந்து கடைக்கு ஓடவேண்டும் போலிருந்தது. அந்தக் கதவருகே உட்கார்ந்து, "எறக்கிட்டாங்க அத்தா," என்று சொல்லவேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது மற்றதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் முதல்நாளே தெரியுங்க அத்தா.