ஐஸ்கட்டிக்கு ஏறிய பிரஷர்

கட்டுமான இடத்தில் அறுபது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுவது அவர் வேலை. காற்று கூண்டை ஆட்டினாலும் அவர் கை ஆடாது. கீழே கம்பி கட்டுகிறவர்கள் அவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரியாதவர்களிடம் அந்தப் பெயரை அவரே வலியப் போய்ச் சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட ஐஸ்கட்டி, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கண்டதும் உருகிவிடும் என்பதுதான் வெட்கக்கேடு.

வருடாந்திரப் பரிசோதனையில் நர்ஸம்மா பட்டையைச் சுற்றியதும் நூற்று அறுபத்தைந்து காட்டியது. "பயப்படாதீங்க" என்றார் நர்ஸம்மா. "எனக்கா? பயமா?" என்று மார்பை நிமிர்த்திக் கேட்டார். அடுத்த தடவை நூற்று எழுபத்திரண்டு. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். பழைய உடல்தகுதிச் சான்றிதழ் அதுவரைதான் செல்லும். அப்போதும் இறங்கவில்லையென்றால் அவரைக் கீழே இறக்கி ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் எல்லார் தலைக்கும் மேலே இருந்தவர் இனி கையுறையும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் அவர் மனைவி நாலு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். மறுபரிசோதனைக்கு முந்தின நாள் விடியற்காலை அட்டையைப் பார்த்தார். இரண்டு பாக்கி இருந்தது. ஒன்றை விழுங்கினார், மற்றதை மறுநாளுக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போதாக்குறைக்கு அவருடைய சொந்த மருத்துவமும் இருந்தது. கூண்டில் கழிப்பறை கிடையாது, ஏணியில் இறங்கி ஏறவே அரைமணி ஆகும். அதனால் கிரேன்காரர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. குழாயில் தண்ணீர் குறைந்தால் அழுத்தமும் குறையும்தானே என்று, பரிசோதனை நாளன்றும் மற்ற மாத்திரையை வெறும் வாயிலேயே விழுங்கினாரே தவிர, சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

கிளினிக் பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். கூப்பிட்டதும் விறைப்பாக எழுந்தார். கண் திறந்தபோது நர்ஸம்மாவின் செருப்பு தெரிந்தது. ஃபைல் அலமாரி அவர் மேல் கிடந்தது.

"எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கப் பாக்கும்" என்றார் நர்ஸம்மா, அவரைக் கட்டிலில் படுக்க வைத்தபடி. "கழுத்து ரத்தக்குழாய்ல அதைக் கவனிக்கறதுக்குன்னே நரம்பு இருக்கு. அழுத்தம் குறைஞ்சா உடனே மூளைக்குச் சொல்லிரும். மூளை இதயத்தை வேகமா அடிக்க வைக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கும். நாம யோசிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். உங்களுக்கு ஏன் சுதாரிக்கல? மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்லையே. தண்ணி குடிக்கல, அவ்வளவுதான்."

தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். பிறகு உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார்கள். இரண்டு தடவையும் நூற்று இருபத்தாறு. "தண்ணி குடிக்காத வேலையை இன்னையோட விடுங்க" என்று சொல்லி டாக்டர் சான்றிதழை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். நர்ஸம்மா போனில் சொல்லியிருந்தார். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. பட்டை அவள் கைக்கு மாறியது. நூற்றுத் தொண்ணூறு. பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தும் பெரிதாக இறங்கவில்லை.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"நேத்து அட்டை காலியா இருந்துச்சு டாக்டர். நான்தான் ஞாபகம் இல்லாம ரெண்டு ரெண்டா முழுங்கிட்டேன் போல. இவருக்குப் பரிசோதனை முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்னு இருந்தேன். ஏற்கனவே பயந்துகிட்டிருக்காரு."

"ரெண்டு ரெண்டா போட்டும், ரெண்டு நாள் விட்டதுக்கா இவ்வளவு ஏறியிருக்கு? அப்போ டோஸைக் கூட்டணும்" என்று டாக்டர் சான்றிதழைத் தள்ளி வைத்துவிட்டு அவளுக்கு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

சான்றிதழ் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளோ, செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்திருந்தாள். தன் மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"கூட்டாதீங்க டாக்டர். அட்டையில பாக்கி இருந்த ரெண்டு மாத்திரையையும் தின்னவன் நான்தான்."

டாக்டர் பேனாவை மூடினார். மூன்று மாதம் ஏறக்கூடாது, இனி உங்களுக்கும் தனி மாத்திரை என்றார். இன்னும் என்னென்னவோ திட்டினார். மனைவி திட்டவில்லை. வெளியே வந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்தும் ஒண்ணு போட்டுக்கிட்டா மேல ஏறினீங்க?"

நேற்று இறங்கும்போது ஏணியில் பாதி வழியில் கண் இருண்டு, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.