சான் அங்கிள் சொன்னது பொய்யல்ல

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். அப்பாவின் கண்ணில் படவே கூடாது.

இன்று சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னார்: "ஸ்டேஷனடிச் சீனன் செத்துப்போனானாம்." அம்மா கரண்டியை வைத்துவிட்டார். நான் தொடர்ந்து சாப்பிட்டேன்.

அந்தச் 'சீனன்' சான் அங்கிள்தான். பரமட்டா ரயில் ஸ்டேஷனடியில் சீன மருந்துக்கடை வைத்திருந்தார். சுவர் முழுவதும் மருந்து வைக்கும் சிறிய இழுப்பு லாச்சிகள். போன வருடம் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். சோற்று மணத்துக்கே அம்மாவுக்குச் சத்தி வந்தது, ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பள்ளி விட்டு அங்கிளிடம் போனேன். அவர் காய்ந்த மண்டரின் ஆரஞ்சுத் தோலை எடுத்தார்.

"நான் சாப்பிடுற தோடம்பழத்தின் தோலைக் காயவைத்தால் போதாதா?" என்றேன்.

சிரித்தார். "இது உன்னைவிட மூத்த தோல். புதியது வயிற்றைக் குத்தும், பழையது தடவும்."

பழுக்காத காயின் பச்சைத் தோல் இருந்த லாச்சியை அவர் திறக்கவேயில்லை. அது முரடு, பிள்ளை சுமப்பவர்களுக்கு ஆகாது என்றார். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அப்பாதான் அனுப்பினார். ஊரில் அவர் அப்போதிக்கரி, மருந்து கொடுப்பவர்."

"அப்படியானால் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்."

இஞ்சியோடு அவித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அம்மா இரண்டாம் தரம் சோறு கேட்டார். அன்றே பொட்டலம் அப்பாவிடம் அகப்பட்டது. அவருடைய ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது. ஆஸ்பத்திரியில் போத்தல் கழுவுகிறார்.

"படிச்ச நான் போத்தில் கழுவுறன். அவன் குப்பையை மருந்தெண்டு குடுக்கிறான்!"

என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். அங்கிள் அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் அனுப்பியதாக மகள் சொன்னாள்."

"நானோடி அனுப்பினது?"

"இல்லையப்பா. அவர் பொய் சொல்றார்."

அதை அங்கிளுக்கு ஆங்கிலத்திலும் சொல்லும்படி அப்பா சொன்னார். சொன்னேன். அங்கிள் என்னையே பார்த்தார். பிறகு அப்பாவிடம், "சின்னப் பிள்ளை. அடிக்காதீர்கள்" என்றார்.

அப்பா சுகாதார அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார். சுகாதார அதிகாரி வந்து, பழையது என்பதற்காகவே அந்தத் தோல்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவித்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். அங்கிள் குனிந்து, ஒவ்வொரு தோலாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கடை பிறகு திறக்கவில்லை.

நாளை அடக்கமாம். சான் அங்கிள், பொய் சொன்னவள் நான். அதை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் உங்களுக்கு விடை கொடுக்க எனக்கு உரிமையில்லை. விடிந்ததும் அப்பாவிடம்...

கதவு தட்டப்படுகிறது.

"பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ?"

அப்பா.