இருவர் படுக்கும் மெத்தை

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. தேதியும் நேரமும் சேர்த்தே எழுதுகிறேன். 2024 ஜனவரி 20, சனிக்கிழமை இரவு. அன்று தைக் கிருத்திகை. திருத்தணியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மாந்தோப்பில், டென்ட்டுக்குள் நான் தனியாகப் படுத்திருந்தேன்.

என் பெயர் ஹரிஹரன். அரக்கோணத்தில் ரயில்வே மின்சாரப் பிரிவில் வேலை. கம்பியில் கரண்ட் இல்லை என்று அதிகாரியே சொன்னாலும் நான் சோதித்துப் பார்க்காமல் தொட மாட்டேன். இருட்டில் தனியாகத் தண்டவாளத்தோடு நடந்து பழகியவன். அன்று இரவு வரை எனக்குப் பயம் என்றால் என்ன என்று சரியாகத் தெரியாது.

பாலமுருகன் என் அக்கா புருஷன். பள்ளிப்பட்டில் நாலு பவர்லூம் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. அதனால் அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் பைக் பைத்தியம். மார்ச் மாதம் இருபத்திரண்டு நாள் லீவு போட்டு ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பாதைகளில் போய்வருவதாகத் திட்டம். தார் ரோடே இல்லாத பாதைகள். பல இடங்களில் லாட்ஜ் கிடையாது. இருட்டும் இடத்தில் டென்ட் போட்டுப் படுக்க வேண்டும்.

எந்த டென்ட், எந்த மெத்தை என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

பாவாவுக்கு ஒரே பெரிய டென்ட் வேண்டும். இருவரும் அதில் படுக்கலாம், ஒருவருக்கொருவர் துணை. இரண்டு பக்கமும் வாசல் இருப்பதால் ஒருவரை ஒருவர் தாண்ட வேண்டாம். அதற்குள் விரிக்க, இருவர் படுக்கும் காற்று மெத்தை. தறி முன்னால் நின்று நின்று அவருக்கு இடுப்பு போய்விட்டது. கல் குத்தினால் காலையில் வண்டி ஓட்ட முடியாது என்பார்.

எனக்கு ஆளுக்கொரு சின்ன டென்ட், ஆளுக்கொரு ஃபோம் பாய். காற்று மெத்தையில் ஒரு முள் ஏறினால் மீதிப் பயணம் முழுக்கத் தரையில்தான். அது போக இன்னொரு தொல்லை. ஒருவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் பக்கம் மேலே தூக்கும். எழுந்தால் இறங்கும். புரண்டால்கூடத் தெரியும். ஃபோம் பாயில் அந்த வம்பு இல்லை.

சென்னையில் ஒரு கடையில் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரிய டென்ட்டில் ஒன்று, சின்னதில் ஒன்று, இரண்டு வகை மெத்தையும் வாங்கி வந்தோம். ஒரு ராத்திரி வெளியே படுத்துப் பார்ப்பது. முதல் பாதி நான் பெரிய டென்ட்டில், பாவா சின்னதில். மூன்று மணிக்கு அலாரம். எழுந்து இடம் மாற்றிக்கொள்வது. காலையில் முடிவு.

தோப்பு பாவாவின் நண்பருடையது. அவர் சென்னையில் இருக்கிறார். எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். என் செல்போனுக்கு ஆந்திரா உங்களை வரவேற்கிறது என்று மெசேஜ் வந்தது. அந்தப் பக்கம் எப்போதும் அப்படித்தான், டவர் மாறி மாறி எடுக்கும்.

மரத்தடியில் போட்டால் பனி சொட்டும். தோப்பின் மூலையில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், மரமில்லாத ஒரு இடம் இருந்தது. கல் இல்லை. புல்லும் இல்லை. தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் உருளவில்லை. அவ்வளவு சமம். பெரிய டென்ட்டை அங்கே போட்டோம். சின்னதை ஒரு பதினைந்து அடி தள்ளி.

வாங்கி வந்த பரோட்டாவைச் சாப்பிட்டோம். தூரத்தில் மலைக்கோயில் விளக்கு தெரிந்தது. காவடிக் கூட்டத்தின் மைக் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. நல்ல நிலா.

10.10. உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடினேன். அந்த ஜிப் போடுகிற சத்தத்தில் தோப்பில் ஏதோ பறவை எழுந்து பறந்தது. மெத்தையின் வலது பாதியில் நான். இடது பாதி காலி. தலைவிளக்கைத் தலைமாட்டில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், மெத்தை சுகமாக இருந்தது. பாவா சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

11.20. விழிப்பு வந்தது.

எதற்கு என்று தெரியவில்லை. என்னை யாரோ லேசாகத் தூக்கிவிட்டது போல இருந்தது. ஒரு விரல் உயரம்தான். ராத்திரி குளிரில் மெத்தைக் காற்று சுருங்கும் என்று படித்திருக்கிறேன். அதுவாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன்.

சுருங்கினால் இறங்கத்தானே வேண்டும்? ஏன் ஏறியது? அந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

12.05. மறுபடி விழிப்பு. இப்போது ஒரு வாசனை.

மாம்பழம்.

நன்றாகப் பழுத்த பழம். கூடை கூடையாகக் குவித்து வைத்தால் வருமே, அந்த வாசனை. டென்ட் முழுக்க நிறைந்திருந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. தை மாதம். மரத்தில் அப்போதுதான் பூ விட்டிருக்கிறது. ஒரு பிஞ்சுகூடக் கிடையாது.

எழுந்து பாவாவைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. முப்பத்தாறு வயது ஆள், மாம்பழ வாசனை வருகிறது என்று போய் எழுப்புவதா?

12.40. சத்தம்.

சரசர… சரசர…

காய்ந்த வைக்கோலின் மேல் யாரோ புரண்டு படுக்கிற சத்தம். வெளியே இல்லை. உள்ளே. என் இடப்பக்கம். டென்ட்டின் தரை நைலான். மெத்தை ரப்பர் துணி. வைக்கோல் எங்கே இருக்கிறது?

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சத்தம் நின்றுவிட்டது. மைக் சத்தமும் நின்றிருந்தது. தோப்பில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

1.33. மெத்தையின் இடது பாதி இறங்கியது.

மெதுவாக. முதலில் உட்கார்ந்தது போல. பிறகு சாய்ந்தது போல. பிறகு கால் நீட்டியது போல. நான் இருந்த பக்கம் தூக்கி, என் உடம்பு நடுப்பக்கமாகச் சரிந்தது. பாவா சீக்கிரமே இடம் மாற்ற வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“பாவா?”

திரும்பிப் பார்க்காமலே மறுபடி சொன்னேன்.

“மணி இன்னும் ஆகல பாவா…”

அப்போது வெளியே, பதினைந்து அடி தள்ளி, சின்ன டென்ட்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. பாவாவின் குறட்டை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த குறட்டை.

ஜிப் சத்தமும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

கையைப் பின்னால் நீட்டித் தலைவிளக்கைத் தேடினேன். இரண்டு முறை நழுவியது. போட்டேன்.

யாரும் இல்லை.

ஆனால் மெத்தை அழுந்தி இருந்தது. தோளுக்கு ஒரு பள்ளம். இடுப்புக்கு ஒரு பள்ளம். ஒருக்களித்து, எனக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிற ஒரு ஆளின் அளவுக்கு. சின்ன உருவம்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்த வேண்டும். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. நிலா இறங்கிவிட்டது. டென்ட் துணி கறுத்துவிட்டது. கடிகாரம் பார்த்தேன். 2.41.

அந்தப் பள்ளம் திரும்பியது.

என் பக்கம்.

முகத்தில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு. ஒரு பெண்ணின் குரல். மெல்லிய குரல், பாதித் தூக்கத்தில் பேசுவது போல. கோபமே இல்லை.

“தள்ளிப் படு நைனா… அவரு வந்துகினு இருக்காரு.”

எங்கள் பக்கம் வயதில் சின்னவர்களையும் அன்பாக நைனா என்று கூப்பிடுவார்கள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே சத்தம்.

டக்… சர்…

டக்… சர்…

கட்டை ஒன்று ஊன்றுகிறது. ஒரு கால் இழுத்து வருகிறது. மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து. அவசரம் இல்லாமல். நேராக டென்ட்டை நோக்கி.

டக்… சர்…

நின்றது.

இடப்பக்க வாசலின் ஜிப் அசைந்தது. பழக்கமில்லாத கை போல. ஒரு பல்… இன்னொரு பல்… மேலே ஏறியது. துணி விலகியது. இருட்டு. அதில் யாரும் இல்லை.

2.47.

மெத்தை இன்னொரு முறை இறங்கியது.

எப்படி வலப்பக்க வாசல் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் குரல் வந்தது. நான் போட்ட கூச்சலில் பாவா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். விழுந்து கிடந்த என்னைத் தூக்கினார். என் விளக்கு உள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. டென்ட் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தது. பாவா அதைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு என் காதருகில் கேட்டார்.

“உள்ள யாரு மச்சான்?”

துணியில் என்ன நிழல் பார்த்தார் என்று அவர் இன்று வரை சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். காவடி நடந்து வருகிறவர்களுக்காக ஒரு டீக்கடை திறந்திருந்தது. பச்சை வேட்டிக் கூட்டத்துக்கு நடுவில் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். பாவா ஆறு டீ குடித்தார்.

ஏழு மணிக்கு மேல், வெயில் நன்றாக வந்த பிறகு, சாமான்களை எடுக்கப் போனோம். தோப்பு ஓரத்தில் கன்னியம்மாள் என்று ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் டென்ட்டைப் பிரிப்பதைப் பார்த்து அருகில் வந்தார். ராத்திரி இங்கேயா படுத்தீர்கள் என்று கேட்டார். ஆங் என்றார் பாவா. அந்த அம்மா டென்ட் இருந்த தரையைக் காட்டினார்.

“மாங்கா சீசன்ல காவலுக்கு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இங்கதாங்க படுப்பாங்க. வைக்கோல போட்டுகினு. அஞ்சு வருசம் இருக்கும். ராத்திரி லோடு ஏத்த வந்த டிராக்டரு, லைட்டு போடாம ரிவர்ஸ் எடுத்துட்டான். கௌரியம்மா அந்த எடத்துலயே பூட்ச்சி. அவருக்கு ஒரு காலு பூட்ச்சி.”

கையிலிருந்த டென்ட் கம்பியைக் கீழே வைத்தேன். அவர் எப்போது செத்தார் என்று கேட்டேன்.

“யாரு, வெங்கடேசனா? அவரு எங்கங்க செத்தாரு? மணவூருல பொண்ணு வூட்டுல கீறாரு. படுத்த படுக்கைதான். ஆனா உசுரோட கீறாரு.”

எனக்கு அதைக் கேட்டு ஒரு நிம்மதி வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெரிய நிம்மதி. அந்தப் பெண்ணின் கதை எப்படியோ போகட்டும், அந்தக் கட்டைச் சத்தம் அவர் இல்லை. உயிரோடு இருக்கிற மனிதர் எப்படி வர முடியும்? பாதியாவது என் பிரமை. வழியெல்லாம் பாவாவிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

புதன்கிழமை பாவா சென்னைக்குப் போய்ப் பெரிய டென்ட்டையும் காற்று மெத்தையையும் திருப்பிக் கொடுத்தார். என்ன குறை என்று கடையில் எழுதித் தரச் சொன்னார்களாம். அகலம் அதிகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஆள் படுக்கிற சின்ன டென்ட் இன்னொன்றும், இன்னொரு ஃபோம் பாயும் வாங்கி வந்தார். இடுப்பைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. அந்த இரண்டு டென்ட்டில்தான் மார்ச்சில் இருபத்திரண்டு நாளும் படுத்தோம். கை நீட்டினால் இரண்டு பக்கமும் துணி இடிக்கும். பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் இருக்காது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆனால் அந்தப் புதன்கிழமை மாலையே தோப்புக்காரர் பாவாவுக்குப் போன் செய்தார். ராத்திரி வசதியாகத் தூங்கினீர்களா என்று விசாரித்தார். முன்பே கேட்டிருப்பேன், ஒரு சாவுக்குப் போக வேண்டி வந்துவிட்டது என்றார். அவர் தோப்பில் முன்பு காவல் இருந்த வெங்கடேசன் இறந்துவிட்டாராம். சனிக்கிழமை ராத்திரி, மூன்று மணி இருக்கும், தூக்கத்திலேயே.

மணவூருக்கு மாலை போடப் போனபோது அவருடைய மகள் ஒரு விஷயம் சொன்னாளாம். குளிப்பாட்ட அவரைத் தூக்கியபோதுதான் கவனித்தார்களாம். யாருக்கும் புரியவில்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்று தோப்புக்காரரைக் கேட்டிருக்கிறாள்.

எட்டு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத மனிதர். அவருக்கு இருந்த அந்த ஒற்றைக் காலின் பாதம் முழுக்க, பனியில் நனைந்த தோப்பு மண் ஒட்டியிருந்ததாம்.

ஈரம் காயாமல்.