சசிரேகா பாஸ் பண்ணிய ஜாக்கெட்

பிள்ளைப்பாக்கத்தில் சசிரேகாவிடம் ஒரு சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டவர் இதுவரை யாரும் இல்லை. காய்கறி வண்டிக்காரர் அவள் தெரு வந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி வண்டியை உருட்டிக்கொண்டு போவார். அப்படியும் தப்ப முடியாது. "அண்ணே, நேத்து குடுத்த முருங்கக்காயி முத்தல்" என்று குரல் வரும். குரலுக்குப் பின்னாலேயே காயும் வரும்.

பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு இதில் எப்போதும் ஒரு குறை. "குற்றம் பாக்கில் சுற்றம் இல்லைன்னு சொல்லிக்கீறாங்க சசி" என்பாள்.

"குத்தம் பாக்கலன்னா கஸ்டமர் இல்லக்கா" என்று பதில் வரும்.

அது அவள் சம்பளம் வாங்கும் இடத்துப் பாடம். ஒரகடத்தில் கார்களுக்கு முகப்பு விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கடைசிப் பரிசோதனை மேசையில் நிற்கிறாள். லைனில் எத்தனை பேர் கை பட்டு வந்தாலும், பெட்டிக்குள் போகுமுன் விளக்கு அவள் கைக்கு வந்தாக வேண்டும். திருப்பிப் பார்ப்பாள், விளிம்பில் விரலை ஓட்டுவாள், வெளிச்சத்தில் சாய்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டி. லாரி காத்திருக்கும் அவசரத்தில் சூப்பர்வைசர் ராஜசேகர், "கண்ணுக்கே தெரியாத கோடும்மா, வுட்டுடேன்" என்று கெஞ்சுவார். "எனக்குத் தெரியுதே சார்" என்பாள். அந்த விளக்கும் சிவப்புப் பெட்டிக்குப் போகும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் வசந்தகுமார். அவனும் கம்பெனி ஆள்தான், ஆனால் எதிர்முனை. கார் சீட்டுக்கு உறை தைக்கும் இடத்தில் ரீவொர்க் மேசை அவனுடையது. மற்றவர்கள் கோணலாகத் தைத்துத் தள்ளியதெல்லாம் அவனிடம் வரும். தையலைப் பிரித்து, மறுபடி தைத்து, நல்லதாக்கி அனுப்புவான். வீட்டிலும் அதே கதை. அறுந்த செருப்பு, கைப்பிடி போன குக்கர், வார் பிய்ந்த பள்ளிக்கூடப் பை என எதையும் தூக்கிப்போட விடமாட்டான். "ஒண்ணும் இல்ல, சரி பண்ணிக்கலாம்" என்பதுதான் அவனுடைய வேதவாக்கு. அவள் தள்ளுவாள், இவன் தைப்பான் என்று ஊரில் சொல்வார்கள்.

அவர்கள் சந்தித்த கதையே அதுதான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் சீட்டின் ஸ்பிரிங் குத்துகிறது என்று சசிரேகா டிரைவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, நான்காக மடித்து, ஸ்பிரிங்மேல் வைத்து, "இப்ப ஒக்காருங்க" என்றான். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களைக் குறை சொல்லித் தள்ளியவள், இவனிடம் மட்டும் குறை தேடவே இல்லை.

போன வருஷம் அந்த சீட் கம்பெனி லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு போனது. ஏஜென்ட் ஒருவர் மூலம் வசந்தகுமார் செப்டம்பரில் ஹங்கேரிக்குப் போனான். அங்கேயும் கார் சீட்தான், அங்கேயும் தையல்தான். இரண்டு வருஷ ஒப்பந்தம். பெண் கனிஷ்கா ஏழாம் வகுப்பு. அப்பா போன நாட்டை வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

தினமும் சாயங்காலம் ஏழரைக்கு அழைப்பு வரும். அங்கே அப்போது பகல் மூன்று மணி, அவன் ஷிப்ட் முடித்துத் திரும்பும் நேரம். அழைப்பு முடியும் முன் சசிரேகா ஒரு வேலை செய்வாள். அவன் சிரிக்கிற சமயம் பார்த்து, பட்டனை அமுக்கித் திரையைப் படம் பிடித்துக்கொள்வாள். அவனுக்கு அது தெரியாது. கேட்டால் சொல்ல அவளுக்கும் வெட்கம்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாய் கொள்ளாச் சிரிப்போடு திரையில் வந்தான். ஆன்லைனில் ஆர்டர் பண்ணிய குளிர் ஜாக்கெட் வந்துவிட்டதாம். கருநீல நிறம். போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான்.

"எப்பிடி கீது?"

"சும்மா சூப்பரா கீறய்யா. சினிமாக்காரன் மாரி" என்றாள் சசிரேகா. படமும் எடுத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் சசிரேகாவே அழைத்தபோது போனை எடுத்தது வசந்தகுமார் இல்லை, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த தளவாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், அண்ணியை மைனி என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணன் குளிக்கப் போயிருக்காவ மைனி. மைனி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், அண்ணன்கிட்ட நான் சொன்னேம்னு சொல்லிராதிய."

அவன் சொன்னது இதுதான். ஜாக்கெட் வரும்போதே தோள் தையல் விட்டிருந்தது. ஜிப் பாதியில் நின்றது. வசந்தகுமார் அன்றைக்கே ஊசியும் நூலும் வாங்கித் தோளைத் தைத்துவிட்டான். ஜிப்புக்கு மெழுகுவத்தி தேய்த்தான். ஒரு வாரம் தாங்கியது. பிறகு கைப்பக்கம் பிரிந்து, உள்ளே இருந்த பஞ்சு வெளியே வந்தது. ஜிப் கையோடு வந்துவிட்டது. தளவாய்தான் வற்புறுத்திக் கடைக்கு எழுத வைத்தான். கடைக்காரன், நீ கை வைத்துத் தைத்த பொருளை நான் எப்படித் திரும்ப எடுப்பேன் என்று பதில் போட்டுவிட்டான்.

"அண்ணன் விடுடேன்னுட்டாவ. காலைல பஸ்ஸுக்கு இருவது நிமிசம் நடக்கணும் மைனி. மைனஸ் ஆறு. ஊக்கு குத்திப் போட்டுட்டுப் போறாவ. இங்க ஆன்லைன்ல வாங்குனத பதினாலு நாளுக்குள்ள திருப்பிரலாம்னு சட்டம் இருக்காம். இன்னும் நாலு நாள்தான் கெடக்கு."

சசிரேகாவுக்கு முதலில் வந்தது கோபம். கடைக்காரன் மேல் கொஞ்சம், புருஷன் மேல் நிறைய. கோபம் இறங்கியதும் பயம் வந்தது. இதை மறைத்தவன் இன்னும் எதையெல்லாம் தைத்துப் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறான்? தினமும் பார்க்கிறோம், பேசுகிறோம் என்று நிம்மதியாக இருந்தோமே, எதைப் பார்த்தோம்? அவளுக்கு வேண்டியது நல்ல ஜாக்கெட் மட்டும் இல்லை. அவன் வாயிலிருந்து ஒரு உண்மை வர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் தேடி எடுத்தாள். விரலால் பெரிதாக்கினாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இடது தோளில் தையல் வாய் பிளந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. ஜிப் நெஞ்சுக்குப் பாதியில் கோணிக்கொண்டு நிற்கிறது. மயிரிழைக் கீறலைப் பிடிக்கிறவள் கண்ணெதிரே இத்தனை பெரிய ஓட்டையைப் பார்த்து "சூப்பர்" என்று பாஸ் பண்ணியிருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சசிரேகாவுக்குச் சறுக்கியதற்குக் காரணம் ஒன்றுதான். அன்றைக்கு அவள் ஜாக்கெட்டையே பார்க்கவில்லை, அதற்குள் இருந்த முகத்தைத்தான் பார்த்தாள்.

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியபோது ஜிப்பைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன. கணுக்களில் தோல் வெடித்து, ஒரு விரலில் பிளாஸ்திரி. அதையும் அவள் பார்த்திருக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் டீ இடைவேளையில் எழுத ஆரம்பித்தாள். அவளுக்கு ஆங்கிலத்தில் நலம் விசாரிக்கக்கூட வராது. ஆனால் டிஃபெக்ட் ரிப்போர்ட் எழுதச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கே சொல்லிக்கொடுப்பாள். பொருள்: ஆண்கள் குளிர் ஜாக்கெட், எண்ணிக்கை ஒன்று. குறை ஒன்று: இடது தோள் தையல் பிரிவு, நான்கு சென்டிமீட்டர். குறை இரண்டு: ஜிப் பாதியில் நிற்கிறது. கண்டறிந்த நாள்: பொருள் வந்து சேர்ந்த அன்றே, படம் இணைப்பு, தேதியும் மணியும் படத்திலேயே உள்ளன. தற்காலிக நடவடிக்கை: பயன்படுத்துபவர் தானே தைத்துக்கொண்டார், காரணம் வெளியே மைனஸ் ஆறு டிகிரி. தையலுக்கு முன்பே குறை இருந்தது என்பதைப் படம் காட்டும். எதிர்பார்ப்பது: மாற்று ஜாக்கெட். குறைகளைச் சுற்றிக் கம்பெனியில் செய்வது போலவே சிவப்பு வட்டம் போட்டாள்.

ராஜசேகர் வாங்கிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நம்ம கஸ்டமர் நமக்கு இப்பிடி எழுதுனான்னா நம்மாளுங்களுக்கு வேர்த்துடும்மா."

அன்று ஏழரைக்கு வசந்தகுமார் வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஒனக்கு ஒண்ணு அனுப்பிக்கீறேன். அத அப்பிடியே அந்தக் கடைக்காரனுக்கு அனுப்பு."

அவன் படித்தான். முகம் மாறியது. "தளவாய் சொன்னானா? வுடு சசி. தச்சுட்டேன். ஒண்ணும் இல்ல, நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"நாளைக்கி இல்ல, இப்ப. நான் பாத்துகினுதான் கீறேன், அமுக்கு."

"படத்துல மூஞ்சிய வெட்டிட்டு அனுப்பக் கூடாதா? லூசு மாரி சிரிக்கிறேன்."

"வெட்டுனா ஒரிஜினல் இல்லன்னுவான். மூஞ்சியோட போவட்டும்."

அவன் அனுப்பினான். பிறகுதான் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "ஆமா, இந்தப் படம் ஒங்கிட்ட எப்பிடி வந்துச்சு?"

சசிரேகா திரையைத் தள்ளி, முழு ஆல்பத்தையும் காட்டினாள். செப்டம்பர் தொட்டு ஒரு நாள் தவறாமல் அவன் முகம். சவரம் பண்ணிய முகம், பண்ணாத முகம், வாயில் சோறு வைத்த முகம்.

"இன்னா சசி இது, தெனம் எடுக்கிறியா?"

"வேலைக்குப் போனா அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்களா? அதான்."

அவன் சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. தளவாயைக் கூப்பிடுவது போலத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் கடையிலிருந்து நாலே வரியில் பதில் வந்தது. வருந்துகிறோம், வேறு ஜாக்கெட் அனுப்புகிறோம், பழையதைக் கூரியர்காரரிடம் கொடுத்துவிடவும். வசந்தகுமாருக்கு நம்பவே முடியவில்லை. பத்து வருஷமாக மற்றவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு தைத்தவன், தப்புப் பண்ணியவனே திருத்திக்கொடுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

"குடுத்துட்டான் சசி!"

"புதுசு கைக்கு வராம பழச வுட்டுடாத. வந்ததும் பிரிக்காத. எங்கண்ணு முன்னாடி பிரி."

அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை ஏழரைக்குப் போனைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு அவன் பெட்டியைப் பிரித்தான். சசிரேகா வேலைக்குப் போகும்போது போடுவது போலக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"போடு. திரும்பு. கைய தூக்கு. இந்தக் கை இல்ல, அந்தக் கை. தோள கிட்ட கொண்டா. ஜிப்ப மேல ஏத்து. எறக்கு. மறுபடியும் ஏத்து. பாக்கெட்டத் திருப்பிக் காட்டு."

பின்னால் தளவாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "மைனி, என்னையும் ஒருதரம் செக் பண்ணிருங்க" என்றான்.

"ஜாக்கெட் ஓகே" என்றாள் சசிரேகா. "இப்ப கையக் காட்டு."

"அதான் காட்டுனேனே."

"ஜாக்கெட் கைய இல்ல. உங் கைய."

வசந்தகுமாரின் கைகள் தாமாகவே பாக்கெட்டுக்குள் போயின. தளவாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, தண்ணீர் பிடிக்கும் சாக்கில் வெளியே போனான்.

"காட்டுய்யா."

மெதுவாக எடுத்துக் காட்டினான். படத்தில் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. கணுவுக்குக் கணு வெடிப்பு. ஊசி பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்கள், அவற்றின் மேல் ரத்தம் காய்ந்த கோடுகள்.

"ஒண்ணும் இல்ல சசி. வாஸ்லின் போட்டா..."

மேசையில் கையில் விளக்கோடு நிற்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியாக இல்லாததைச் சரி என்று சொல்லாத அந்தப் பார்வைக்கு முன் அவனால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"குளுருது சசி" என்றான். "ரொம்பக் குளுருது. காலைல பஸ்ஸுக்கு நிக்கசொல்ல அழுகையே வந்துடுது. ஒன்னயும் பாப்பாவயும் நெனச்சா இன்னும் வருது. யார்கிட்டயும் சொல்லல."

"இத சொல்றதுக்கு ஒனக்கு ரெண்டு மாசமாய்யா?" என்று திட்ட ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். அவனும் அழுதான். கனிஷ்கா புத்தகத்தை வைத்துவிட்டு வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்து அப்பாவைப் பார்த்தாள். கையுறை வாங்குவது, எந்தக் கையுறை, எந்தக் கடை, வந்ததும் யார் முன்னால் பிரிப்பது என்றெல்லாம் மூன்று பேருமாகப் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த குளிருக்கு முன் ஒரு தடவை லீவு போட்டு வந்துவிட்டுப் போவதாக அவனாகவே சொன்னான்.

அன்றைக்கு மட்டும் சசிரேகா அட்டெண்டன்ஸ் எடுக்க மறந்துபோனாள்.