மாமா குடித்த தண்ணீர்

சமூகப்பணி மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்புமுன் ஓட்டிசம் பற்றி நான்தான் வகுப்பெடுப்பேன். முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதில்லை. இறந்துபோன என் மாமா தண்ணீர் குடித்த கதையைச் சொல்வேன். பேய்க்கதை என்று நினைத்து நன்றாகக் கேட்பார்கள். பத்து வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. வாவியில் தோணி கவிழ்ந்து போனவர். அவருடைய மகளுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, அப்போது ஏழு வயது. அதுவரை அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை. மாமாவின் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்த கிழமை, ஒரு மத்தியானம், குசினி வாசலில் நின்று மாமியிடம் சொன்னாள்:

"தண்ணி கொண்டா புள்ள, தொண்டை வறளுது."

தோணியைக் கட்டிவிட்டு வந்ததும் மாமா தினமும் மாமியிடம் சொல்வது. அதே இழுவை, கடைசியில் அதே சின்னச் செருமல். பெற்ற தாயைப் 'புள்ள' என்றது அந்தப் பிஞ்சு வாய். மாமியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. 

"தண்ணிக்குள்ள போனவனுக்குத் தாகம் தீரல்ல கா," என்று அம்மா மாமியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து குரல் கேட்கும்போதெல்லாம் மாமாவின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை தண்ணீர் வைப்பது என் வேலை. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிடுவேன். சற்றுக் கழித்துப் போனால் கோப்பை வெறுமையாக இருக்கும். உயிரோடு இருந்தபோது மாமா இத்தனை தண்ணீர் குடித்தவரல்லர். ஆனாலும் அவர் குடிக்கிறார் என்பதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

ஒரு மாதம் போனது. மடை வைத்துப் படையல் போட்டால்தான் ஆவி போகும் என்றார் பூசாரி. "மடை முடியுமட்டும் புள்ளைக்குப் பச்சைத் தண்ணியும் பல்லில படப்படாது." மடைக்கு முந்தின இரவே அவளுக்குத் தண்ணீரை நிறுத்தி, விடிந்ததும் படம் இருந்த அறையைச் சாத்தி, வாசலில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

நல்ல வெயில். பத்து மணிக்குமேல் குரல் ஓயவில்லை. மாமா கெஞ்சினார், அதட்டினார், அழுதார். மச்சாள் என்னை முட்டித் தள்ளிக் கதவைப் பிறாண்டினாள்.

"போகப்போறார், அதுதான் இந்தத் துள்ளல்," என்றார் பூசாரி. நான் பயந்துகொண்டே கதவில் முதுகை அழுத்தி நின்றேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மத்தியானம் தாண்டியதும் குரல் தேய்ந்து நின்றது. மச்சாள் என் காலடியில் சுருண்டு விழுந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. மாமா போய்விட்டார் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, மூன்றாம் நாள் அவளைக் கொண்டுவந்தார்கள். அதற்குப்பிறகு அவள் எந்தக் குரலிலும் எதையும் கேட்கவில்லை.

போன மாதம் கதையை இந்த இடத்தில் நிறுத்தியபோது, ஏறாவூர் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"அப்ப கோப்பைத் தண்ணியக் குடிச்சது அவதானே, மிஸ்?"

ஓம், அவள்தான். உயிரோடு இருந்தபோது மாமா, மாமி கொடுக்கும் தண்ணீரில் பாதியைக் குடித்து மீதியை அவள் வாயில் வைப்பார். அந்த வார்த்தைகளைச் சொன்னால் தண்ணீர் வரும் என்று அவள் கண்டுவைத்திருந்தாள். தாகத்தைச் சொல்ல அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். கதவடியில் நின்று அத்தனை தடவை அவள் கேட்டது என்னிடம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.